சுவரொட்டி வேற, கிட்னி வேற

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. காரியாபட்டியில பஸ் நின்ன உடனே நான் எறங்கி ஓடணும். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்னு டாக்டர் உத்தரவு. குடிச்சா வரும்ல? வருது சார். நல்லா வருது. அதைச் சொல்றப்பவே எனக்கு ஒரு பெருமை. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

முன்னாடி ரெண்டாவது சீட்டுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, மடியில மஞ்சப்பைய வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கு பாருங்க. பாத்தாச்சா? சரி, திரும்பிக்கங்க. அதான் எங்க மாமியா. சீனியம்மாள். அந்தம்மாவோட இடது கிட்னி இந்தா, இங்க இருக்கு, என் அடிவயித்துல, வலது பக்கம். என்னோட பழசு ரெண்டையும் எடுக்கல, அது பாட்டுக்கு வேலைவெட்டி இல்லாம உள்ள கெடக்கு. ஆக எனக்கு மூணு, அந்தம்மாவுக்கு ஒன்னு. பாக்குறவன் என்ன சொல்லுவான்? மாப்பிள்ளை கொள்ளையடிச்சிட்டான்னுதான சொல்லுவான்? நடந்தது என்னன்னு கேளுங்க, அப்புறம் நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு வேலாயுதம். அருப்புக்கோட்டையில வாட்டர் கேன் போடுறேன். தோளுக்கு ஒன்னா ரெண்டு கேனைத் தூக்கிக்கிட்டு மூணாவது மாடிக்கு ஏறுன ஆளு சார் நான். அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் பாதிப் படியில மூச்சு முட்டுச்சு. காலு வீங்குச்சு. ஆஸ்பத்திரியில பிரஷர் பாத்த நர்சு மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு வேற மெஷின் எடுத்துட்டு வந்துச்சு. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னாங்க. ரொம்ப வருசமாவே பிரஷர் இருந்திருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்கன்னாங்க. பாக்கலதான். தலை வலிச்சா மெடிக்கல்ல ஒரு மாத்திரைய வாங்கி முழுங்கிட்டு அடுத்த கேனைத் தூக்குனேன். யாரு கண்டா?

வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷின்ல படுத்துக் கெடக்கணும். இரத்தம் ஒரு குழாய்ல வெளிய போயி, சுத்தமாகி, இன்னொரு குழாய்ல உள்ள வரும். அதை விடுங்க, தாங்கிக்கிடலாம். தண்ணி ஒரு நாளைக்கு முக்கா லிட்டர்னாங்க பாருங்க, அதுதான் கொடுமை. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துறவன் நான். முன்ரூம் பூரா கேனு அடுக்கியிருக்கும். நடுவுல உக்காந்து ஒரு ஐஸ்கட்டிய வாயில போட்டுச் சப்பிக்கிட்டு இருப்பேன். ஒன்னுக்கு நின்னே போச்சு சார். ஒரு சொட்டு வராது. பஸ் ஸ்டாண்டுல சுவத்தோரமா நிக்கிறவங்களப் பாத்தா பொறாமையா இருக்கும். இதெல்லாம் வெளிய சொல்ற விசயமா?

மூளைச்சாவு ஆனவங்க கிட்னி கெடைக்குறதுக்கு லிஸ்ட்ல பேரைப் பதிஞ்சு வச்சேன். அதுல காத்துக்கிட்டு இருக்குறது இருக்கே, மனுசனை மிருகமாக்கிரும் சார். உள்ளதைச் சொல்லிர்றேன். ஹெல்மெட் போடாம ஒருத்தன் பறந்து போனா, இவன் இரத்தம் என்ன குரூப்பா இருக்கும்னு மனசுல ஓடும். சீ, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு என்னைய நானே திட்டிக்குவேன். மறுநாள் இன்னொருத்தன் பறப்பான். மறுபடியும் ஓடும். அப்புறம் ஒரு நாள் எங்க வார்டுல ஒரு டீச்சருக்குப் போன் வந்துச்சு. ஒரு காலேஜ் பையன் விழுந்துட்டானாம், அவங்க அப்பாம்மா எல்லாத்தையும் எடுத்துக்கங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். கிட்னி ரெண்டு பேருக்கு, ஈரல் ஒருத்தருக்கு, கண்ணு ரெண்டு பேருக்கு. டீச்சர் குதிச்சுக் கும்மாளம் போடும்னு பாத்தா, போனைக் கையில வச்சுக்கிட்டு ஓன்னு அழுவுது. அந்தப் பையனோட அம்மா இந்நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருக்கும் அண்ணே, என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்னு கேக்குது. அதுக்கப்புறம் நான் ஹெல்மெட் போடாதவனைப் பாத்தா நிறுத்தித் திட்ட ஆரம்பிச்சேன். ரெண்டு பேரு அடிக்கக்கூட வந்தானுக.

சரி, வீட்டுல யாரு குடுக்குறதுன்னு பேச்சு வந்துச்சு. எங்கம்மா இல்ல. அப்பாவுக்குச் சுகர். தம்பி, அண்ணனுக்காக உசிரையே குடுப்பேன்னான். கிட்னி போதும்டான்னேன். மறுநாள்ல இருந்து போனை எடுக்கல. என் வீட்டுக்காரி பூங்கொடி நான் தர்றேன்னு நின்னா, இரத்தம் சேரல. அவ உக்காந்து அழுதா. அந்த நேரத்துலதான் எங்க மாமியா வந்து நின்னுச்சு.

இங்கதான் நீங்க ஒரு விசயம் தெரிஞ்சுக்கணும். அந்தம்மா வந்து நின்னது எங்க வீட்டு வாசல்ல. நான் அந்தம்மா வீட்டு வாசல மிதிச்சு அப்ப பதினோரு வருசம் ஆச்சு.

ஏன்னா? தலை தீபாவளி சார். எனக்குத் தலை தீபாவளி. பந்தல்குடிப் பக்கம் அவங்க ஊர்ல, எனக்காக ஒரு வெள்ளாட்டுக் கிடாய அறுத்தாங்க. எனக்காக! காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சு, புது வேட்டி கட்டி இலையில உக்காந்தா, பக்கத்து இலையில சகலை. மூத்த மாப்பிள்ளை தனுஷ்கோடி. கரண்ட் ஆபீஸ்ல வேலை. எங்க மாமியா கரண்டியோட வந்துச்சு. சுவரொட்டி வறுவலை நேராக் கொண்டு போயி அவன் இலையில வச்சிருச்சு. முழுசா. எனக்கு எலும்புக்கறி.

உங்களுக்குச் சின்ன விசயமாத் தெரியும். யோசிச்சுப் பாருங்க. ஆட்டுல ஈரல் பெருசு, நாலு பேருக்குப் பங்கு வைக்கலாம். கிட்னி ரெண்டு இருக்கு, ஆளுக்கு ஒன்னு வைக்கலாம். சுவரொட்டி இருக்கே, மண்ணீரல், அது ஒரு ஆட்டுக்கு ஒன்னே ஒன்னுதான். யாருக்கு வைக்கிறோம்ங்கிறதுலதான் மரியாதையே இருக்கு. கரண்ட் ஆபீஸ் மாப்பிள்ளைக்குச் சுவரொட்டி, தண்ணி கேன் மாப்பிள்ளைக்கு எலும்பா? இலைய மடிச்சேன். எந்திரிச்சேன். இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன், பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, கைகூட கழுவாம வந்துட்டேன். ஒரு பய என்னன்னு கேக்கல. அந்தம்மாவும் ஒரு வார்த்தை சொல்லல.

எப்படிச் சொல்லும்? அது பேசாதுல்ல! அவங்க ஊர்ப் பக்கம் மாமியா மாப்பிள்ளைகூட நேருக்கு நேராப் பேசுறது வழக்கமில்ல. அது மரியாதையாம். மக இருந்தா மககிட்டச் சொல்லும். மக இல்லைன்னா கதவைப் பாத்துச் சொல்லும். பதினோரு வருசத்துல நல்லது கெட்டதுன்னு எத்தனையோ வந்துச்சு. பொண்டாட்டி பிள்ளைகள அவங்க ஊரு பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டு, நான் டீக்கடையில உக்காந்துக்குவேன். தட்டுல சோறு போட்டு அந்தம்மா குடுத்தனுப்பும். திருப்பி அனுப்பிருவேன். மறுபடி வரும். மறுபடி அனுப்புவேன். மாமனாரு தவறினப்பகூட நான் தெருவுலதான் நின்னேன். மாலையக் குடுத்து விட்டேன். கொள்கைன்னா கொள்கை சார்.

அந்தம்மாதான் வாசல்ல வந்து நின்னு, மகளைப் பாத்து, "கொடி, அவுககிட்டச் சொல்லு, எனக்கு ரெண்டு இருக்காம். டாக்டரு சொன்னாரு. ஒன்ன எடுத்துக்கிறச் சொல்லு"ன்னுச்சு. நான் அங்கதான் ரெண்டு முழ தூரத்துல உக்காந்திருக்கேன்.

நான் உடனே சரின்னுருவேனா? "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு"ன்னேன். பூங்கொடி என்னையப் பாத்த பார்வை இருக்கே, அதுக்குமேல யோசிக்க வேணாம்னு விட்டுட்டேன். பெரிய மனுசி வீடு தேடி வந்து குடுக்கிறேங்குது, வேணாம்னு மொகத்துல அடிக்கலாமா? பெருந்தன்மையா வாங்கிக்கிட்டேன்.

டெஸ்ட் எடுத்தா எல்லாம் பொருந்துது. அம்பத்தேழு வயசு, பிரஷர் இல்ல, சுகர் இல்ல. காட்டுல களையெடுக்குற ஒடம்பு. சின்ன வயசுப் பிள்ளைக்கு இருக்குற மாதிரி இருக்குன்னு டாக்டர் அந்தம்மாவ ஒரே புகழ்ச்சி. என்னையப் பாத்து உச்சுக் கொட்டுனாரு.

ஒரு நிமிசம் சார். கண்டக்டர் என்னமோ கேக்குறாரு. என்னது? ஆமாங்க, நான்தான் மாப்பிள்ளை. ஒன்பது மணி ஆயிருச்சா? போட்டுர்றேன்னு சொல்லுங்க. இல்ல, மறக்கல, பையிலதான் இருக்கு. இந்தா போட்டுட்டேன், பாத்தீங்கல்ல, போட்டுட்டாருன்னு சொல்லிருங்க.

பாத்தீங்களா? பஸ்ஸே திரும்பிப் பாக்குது. இந்த மாத்திரை நேரத்துக்குப் போடலைன்னா, வேத்தாளு வந்து உள்ள உக்காந்திருக்கான்னு ஒடம்பு கிட்னிய வெளிய தள்ளப் பாக்குமாம். காலையில ஒன்பது, ராத்திரி ஒன்பது. வழக்கமா பூங்கொடிதான் நடுவுல ஆளு. இன்னிக்குப் பிள்ளைக்குப் பரீட்சைன்னு அவ வரல. பாவம், கண்டக்டர் தலையில விழுந்திருச்சு.

எங்க விட்டேன்? ஆங், டெஸ்ட்டுல. அடுத்தது கமிட்டி.

பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க, பொண்டாட்டி, இவங்க குடுத்தா பெரிய சிக்கல் இல்ல. அந்த நெருங்குன சொந்த லிஸ்ட்ல மாமியா இல்ல சார். சட்டம் எழுதுனவரு கல்யாணமான ஆளு போல. மாமியா குடுக்கணும்னா, மெட்ராசுல ஒரு கமிட்டி இருக்கு, அங்க போயி, பாசத்துலதான் குடுக்கிறேன், காசுக்கு இல்லன்னு நிரூபிக்கணும். அதுவும் சரிதான், ஏழைபாழைங்க கிட்னியப் பேரம் பேசுற புரோக்கருக இருக்கானுகல்ல. ஆனா பாருங்க, ஊர்ல இருக்குற மாமியா மாப்பிள்ளையிலயே பாசத்தை நிரூபிக்க வேண்டியது நாங்க ரெண்டு பேரும்.

சேந்து எடுத்த போட்டோ கொண்டு வாங்கன்னாங்க. கல்யாண ஆல்பத்தைப் பொரட்டுனா, ஒரே ஒரு படத்துல தாம்பூலத்தட்டைப் பிடிச்ச ஒரு கை இருக்கு. அது எங்கம்மா கைதான்னு பூங்கொடி சத்தியம் பண்றா. கையக் காட்டிக் கிட்னி வாங்க முடியுமா? ஸ்டுடியோவுக்குப் போனோம். பக்கத்துல வாங்க, பக்கத்துல வாங்கன்னு போட்டோக்காரன் கத்துறான். நடுவுல இன்னொரு குடும்பமே நிக்கலாம், அவ்வளவு எடம். ரெண்டு பேரு மொகமும் ரெண்டு செவுத்தைப் பாக்குது. அதைத்தான் கொண்டு போனோம்.

அங்க தனித்தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. எல்லாத்தையும் வீடியோ எடுப்பாங்க. என்னையக் கேட்டாங்க, மாமியார்கிட்டக் கடைசியா எப்பப் பேசுனீங்க? பேசுனதே இல்லீங்கன்னேன். அவங்க வீட்டுக்கு எப்பப் போனீங்க? பதினோரு வருசத்துக்கு முந்தின்னேன். அவங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? தெரியாதுங்கன்னேன். பொய் சொல்ற பழக்கம் நம்மகிட்டக் கிடையாது.

அந்தம்மா உள்ள என்ன பண்ணுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. நடுவுல உக்காந்திருந்த டாக்டரம்மா மொதக் கேள்வியே, "யாருக்குக் குடுக்குறீங்க, அவரு பேரு என்ன?"ன்னு கேட்டிருக்கு.

எங்க மாமனாரு பேரும் வேலாயுதம் சார். கல்யாணப் பத்திரிகையிலயே மாமனாரும் வேலாயுதம், மாப்பிள்ளையும் வேலாயுதம்னு இருந்ததைப் பாத்து ஊரே சிரிச்சுச்சு. அந்தம்மா புருசன் பேரை வாயால சொல்லாத ஆளு. கோயில்ல அர்ச்சனைக்குக்கூட பக்கத்துல இருக்குறவங்கதான் சொல்லணும். அப்ப என் பேரை எப்படிச் சொல்லும்?

"எங்க வீட்டுக்காரரு பேருதாங்க"ன்னுச்சாம்.

"சரி, வீட்டுக்காரர் பேரு என்ன?"

"மாப்பிள்ளை பேருதாங்க."

"மாப்பிள்ளை பேரு?"

"அதான் சொன்னேனே, வீட்டுக்காரரு பேரு."

இப்படியே பத்து நிமிசம். "வீட்டுக்காரர்தான் இறந்துட்டாரே, இப்பச் சொல்லலாமே?"ன்னு கேட்டிருக்காங்க. "செத்துப்போனா எனக்குப் புருசன் இல்லைன்னு ஆயிருமா?"ன்னு அந்தம்மா திருப்பிக் கேட்டிருக்கு. எழுதிக் காட்டுங்கன்னா, எழுதத் தெரியாது, கைநாட்டு. கமிட்டி என்ன நெனைக்கும்? கிட்னி குடுக்க வந்த பொம்பளைக்கு வாங்குறவன் பேரே தெரியல. வாங்குறவனுக்கு இந்தம்மா சாம்பார் திங்குமா ரசம் திங்குமான்னுகூடத் தெரியல. புரோக்கர் கேசுதான்னு முடிவு பண்ணிட்டாங்க. தாசில்தார்கிட்ட இருந்தும் போலீஸ்கிட்ட இருந்தும் விசாரிச்சு எழுதி வாங்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒன்றரை மாசம்.

அந்த ஒன்றரை மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நெஞ்சுல தண்ணி கோத்துக்கிருச்சு. படுத்தா மூச்சு நின்னுரும், உக்காந்துக்கிட்டேதான் தூங்கணும். எனக்குப் பக்கத்து மெஷின்ல ஒரு தையக்காரரு படுப்பாரு, என் வயசுதான். ஒரு திங்கக்கெழமை அவரு பெட்டு காலியா இருந்துச்சு. நர்சுகிட்ட எங்க ஆளக் காணோம்னேன். அந்தப் பொண்ணு என்னையப் பாக்காம பெட்சீட்ட மாத்துச்சு. அன்னிக்குப் பயந்தேன் சார். கிண்டல், கோபம், கொள்கை எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. எம்பிள்ளைகள விட்டுட்டுப் போயிருவேனோன்னு பயந்தேன்.

காரியாபட்டி வந்திருச்சு. இந்தத் துண்ட சீட்டுல போட்டுட்டுப் போறேன், பாத்துக்கங்க.

வந்துட்டேன், வந்துட்டேன். டிரைவரு கெளம்பிருவாரோன்னு ஓடி வந்தேன். அந்தம்மா படியில ஒரு காலும் தரையில ஒரு காலுமா நிக்குது சார், டிரைவரு எப்படி எடுப்பாரு? "மாப்பிள்ளை ஒன்னுக்குப் போயிருக்காக"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லுது. மானம் போகுது. போகட்டும்.

ரெண்டாவது தடவை கமிட்டிக்குப் போனப்ப எல்லாரையும் ஒன்னா உக்கார வச்சாங்க. டாக்டரம்மா என்னையப் பாத்து, "பதினோரு வருசமா அவங்க வீட்டுக்குப் போகாததுக்கு என்ன காரணம்?"ன்னுச்சு. எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ, சுவரொட்டிக் கதைய ஆரம்பிச்சுட்டேன். ஆடு, இலை, சகலை, எலும்பு, எல்லாம். கமிட்டியில ஒரு போலீஸ்காரரு, நரைச்ச மீசை, அவரு மட்டும், "சுவரொட்டிய ஒருத்தருக்கே வச்சது தப்புதான்"ன்னாரு. நல்ல மனுசன். தெக்கத்தி ஆளாத்தான் இருக்கணும்.

எங்க மாமியா ஜன்னல் பக்கமாத் திரும்பிச்சு. ஜன்னலைப் பாத்துச் சொல்லுது: "மூத்தவுகளுக்கு அப்ப மூலம் ஆப்ரேசன் ஆயி பத்து நாளு. இரத்தம் நெறையாப் போயி வெளிறிக் கெடந்தாக. இரத்தம் ஊறும்னு அதை வச்சேன். இவுககிட்டச் சொல்லலாம்னா, மூலம்னு சபையில எப்படிச் சொல்றது? மூத்தவுக மானம் போயிராதா?"

பதினோரு வருசம் பொத்திக் காப்பாத்துன தனுஷ்கோடியோட மூலம், கமிட்டி முன்னால, வீடியோவுல பதிவாயிருச்சு. இன்னமும் அங்க பீரோவுல எங்கயாவது இருக்கும். எல்லாரும் சிரிக்கிறாங்க, பூங்கொடி தலையில அடிச்சுக்கிறா. நான் சிரிக்கல. அன்னிக்கே கதவைப் பாத்தாவது சொல்லியிருக்கலாம்ல?

அப்புறம் டாக்டரம்மா சிரிப்ப நிறுத்திட்டு, "எல்லாம் சரிம்மா. ஆனா ரெக்கார்டுக்கு நீங்க வாயால பேரைச் சொல்லித்தான் ஆகணும். யாருக்குக் குடுக்குறீங்க?"ன்னுச்சு.

அந்தம்மா எந்திரிச்சுச்சு. முந்தானைய இழுத்துச் சொருகுச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, "வேலாயுதம்"னுச்சு. மெதுவால்லாம் இல்ல, காட்டுக்குள்ள தூரத்துல போற ஆளைக் கூப்பிடுவாங்கல்ல, அப்படி. அப்புறம் கண்ணத் தொறந்து சொல்லுச்சு, "அந்தப் பேருல ஒருத்தரத் தூக்கிக் குடுத்துட்டேன். இன்னொருத்தரத் தூக்கிக் குடுக்க என்னால முடியாது. கையெழுத்துப் போட்டு விடுங்க தாயி."

போட்டாங்க சார். அந்த டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டுப் போட்டுச்சு.

உங்க கண்ணு ஏன் கலங்குது? நீங்க இதையும் கவனிக்கணும். வெறும் வேலாயுதம். முன்னாடி மாப்பிள்ளை இல்ல, பின்னாடி அவுக இவுக இல்ல. அத்தனை ஆபீசருங்க முன்னால மொட்டையா என் பேரைச் சொல்லுச்சு. தலை தீபாவளிக்கப்புறம் எனக்கு அது ரெண்டாவது மனத்தாங்கல். பூங்கொடிகிட்டச் சொன்னேன். மூணு நாளு எங்கூடப் பேசல.

மதுரையில ஆபரேசன். அந்தம்மாவ மொதல்ல உள்ள கொண்டு போனாங்க. ஸ்ட்ரெச்சர் என்னையக் கடந்து போறப்ப, கையெடுத்துக் கும்பிடணும்னுதான் நெனைச்சேன். ஊசி போட்டிருந்த கை. தூக்க வரல.

முழிப்பு வந்தப்ப பெட்டுக்குக் கீழ ஒரு பை தொங்குச்சு. மூத்திரப் பை. அது நெறையுது சார். என் கண்ணு முன்னால நெறையுது. பதினாலு மாசமா ஒரு சொட்டு வராத ஒடம்புல இருந்து மணிக்கு அரை லிட்டர். நான் அந்தப் பையப் பாத்துக்கிட்டே அழுதேன். கல்யாணத்தப்ப அழல, பிள்ளை பொறந்தப்ப அழல. மூத்திரத்தைப் பாத்து அழுத மனுசனை நீங்க பாத்திருக்கீங்களா? இந்தா, பாத்துக்கங்க.

அந்தம்மா பக்கத்து ரூம்ல. தையல் போட்ட வலி, பேச முடியல, ஆனா நர்சு போறப்பெல்லாம் ஒரே கேள்வி. "மாப்பிள்ளை ஒன்னுக்குப் போனாகளா?" போறாங்கம்மா, நாலு லிட்டர்னு நர்சு சொல்லியிருக்கு. அவ்வளவுதான். பாக்க வந்த சொந்தக்காரங்க, வார்டு கூட்டுற அம்மா, கேன்டீன்காரன், எல்லார்கிட்டயும் நாலு லிட்டர். எனக்கு எதிர்ல வர்றவனெல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறான். தனுஷ்கோடி போன் பண்ணி நாலு லிட்டராமே சகலைங்கிறான். அவன் மூலத்தை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?

இது நடந்து மூணு வருசமாச்சு. கிட்னி நல்லா ஓடுது. கேனும் தூக்குறேன், ஒரு தோள்ல மட்டும். கிட்னி குடுத்துச்சு, இல்லைங்கல. ஆனா சுவரொட்டி வேற, கிட்னி வேற. இப்பப் படி ஏறுறேன், ஆனா பச்சத்தண்ணி சபதத்தை விடல. பூங்கொடி கேக்குறா, "அம்பத்தேழு வருசமா அந்த ஊருக் கிணத்துத் தண்ணிய வடிகட்டுன கிட்னிய வயித்துல வச்சுக்கிட்டு, அங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டீங்களா?"ன்னு. அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். என் கேனையே அனுப்பி அந்தம்மா வீட்டுல வச்சுக்கிறேன். வாரம் ரெண்டு கேன். நான் போறது என்னமோ மாசம் ஒரு தடவைதான். மிச்சத் தண்ணிய யாரு குடிச்சா எனக்கென்ன? அந்த ஊருத் தண்ணி உப்பு சார். ஒத்தைக் கிட்னிக்காரங்களுக்கு ஆகாது.

இன்னிக்கு மதுரைக்கு எனக்காகப் போகல. அந்தம்மாவுக்காக. போன மாசச் செக்கப்புல அந்தம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்குன்னாங்க. இரத்தத்துல கிரியாட்டினின்னு ஒன்னு பாப்பாங்க, கிட்னி ஒழுங்கா வடிகட்டுதான்னு காட்டும். அதுவும் கொஞ்சம் கூட. ஒரு மாசம் உப்பைக் குறைச்சிட்டு வாங்க, மறுபடி பாப்போம், பெரும்பாலும் ஒன்னும் இருக்காதுன்னாங்க. பெரும்பாலும்னா என்ன சார் அர்த்தம்? ஊறுகா ஜாடிய எல்லாம் தூக்கிட்டு வந்துட்டேன். கருவாட்டையும் தூக்கிட்டேன். மாப்பிள்ளை வந்து திருடிக்கிட்டுப் போறாகன்னு கதவைப் பாத்துச் சொல்லுச்சாம்.

எனக்கொன்னும் பயம் இல்ல. ஒரு மாசமாத் தூக்கம் வரல, அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு ஏதாவது ஒன்னுன்னா ஊரு என்னையத்தான் பேசும், அதுக்காகத்தான்.

அன்னிக்கு டாக்டர்கிட்டத் தனியாப் போயிக் கேட்டேன். "ஐயா, அந்தம்மாவோட மிச்சம் இருக்குற கிட்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா, இதைத் திருப்பி எடுத்து அவங்களுக்கே வைக்க முடியுங்களா?"

அவரு பேனாவக் கீழ வச்சிட்டு என்னையப் பாத்தாரு. "அப்புறம் நீங்க?"ன்னாரு.

"எனக்கு டயாலிசிஸ் பழக்கம்ங்கய்யா. அந்தம்மாவுக்குப் பழக்கமில்ல. ஊசியப் பாத்தாலே மொகத்தைத் திருப்பிக்கும்"னேன்.

என் தோள்ல தட்டிட்டு, போயிட்டு அடுத்த மாசம் வாங்கன்னுட்டாரு. இன்னிக்கு அவரு லீவாம், வேற டாக்டர் இருப்பாருன்னாங்க. அவருகிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாக்கணும்.